இரண்டு பள்ளிக்கூடங்களில் ஒரே ஜெரிஷா

1

இந்தக் கதை என் கைக்கு வந்த வழி அவ்வளவு மரியாதையானது அல்ல. என் மனைவியின் கைபேசியிலிருந்து திருடியது. திருட்டு என்பதும் கொஞ்சம் பெரிய சொல். ஜெபசுதா மீன் ஆயும்போது கையெல்லாம் செதிலாக இருக்கும் என்பதால் வாட்ஸ்அப் குரல்செய்திகளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல், பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பேன். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு நிமிடம் பதினோரு விநாடி நீளமுள்ள ஒரு செய்தி வந்தது. அது முடிந்தபோது ஜெபசுதா பாதி ஆய்ந்த மீனை அப்படியே சட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்ட மறந்துவிட்டேன்.

எனக்கு வேலை துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்சியில். பிறருடைய சரக்கைப் பற்றி உண்மையை மட்டும் படிவங்களில் நிரப்பும் வேலை. அதற்கு ஈடுகட்டத்தான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

இந்த வருடம் சென்னைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் ஜூலை இதழுக்குக் கதை கேட்டார். "உங்க ஊர் வேண்டாம் சார். முத்து, சங்கு, உப்பளம் எல்லாம் போதும் போதும்னு ஆயிடுச்சு. வேற எங்கயாவது நடக்கட்டும்" என்றார். உடனே எனக்கு அந்தக் குரல்செய்தி நினைவுக்கு வந்தது. அது அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடமும் கதையில் உண்டு. நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. மேற்கே நான் போன அதிகபட்ச தூரம் கொல்லம். அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை.

தொடக்கம், முதல் வரைவு:

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழையில் நனைந்த பசுங்குன்றுகளுக்கு நடுவே, ஆட்டு மந்தைகள் சூழத் தனித்து நின்றது அந்தக் கற்கட்டடம். அதன் சன்னல் வழியே ஒரு சிறுமியின் ஏக்கம் நிறைந்த—

ஜெபசுதா என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"என்னத்த எழுதியிருக்கிய? ஆடு எதுக்கு? ஆட்டப் பத்தி ஷெர்லின் ஒரு வார்த்த சொல்லலியே."

"அயர்லாந்துன்னா ஆடு இருக்கும்."

"அங்க உள்ளவன் தூத்துக்குடின்னா வீட்டுக்கு வீடு முத்து இருக்கும்னு எழுதுவான். நம்ம வீட்டுல எத்தன முத்து இருக்கு?"

வரைவு கைவிடப்பட்டது. ஆடுகளும்.


2

தொடக்கம், இரண்டாம் வரைவு:

நாவாத்துறை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போன வருடம் ஒன்பது பிள்ளைகள் படித்தார்கள்.

"இது சரி" என்றாள் ஜெபசுதா. "இது உண்ம."

ஒன்பது என்பது உண்மை. நாவாத்துறை உண்மையல்ல. ஊர் பெரியதாழைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜெபசுதா அங்கே தலைமையாசிரியை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருக்கிறது. இரண்டாவது மெமோவுக்குக் காரணம் கணவன் என்று இருக்க வேண்டாம்.

ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர், இரண்டாம் வகுப்பில் மூன்று, நாலாம் வகுப்பில் இரண்டு, ஐந்தாம் வகுப்பில் இரண்டு. மூன்றாம் வகுப்பில் யாரும் இல்லை. இன்னொரு ஆசிரியரை 'தற்காலிகமாக' வேறு பள்ளிக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகிறது. எனவே ஐந்து வகுப்புக்கும் ஜெபசுதா ஒருத்திதான். அதில் ஒரு வகுப்பு ஆளில்லாமல் இருப்பது அவளுக்கு ஓய்வு என்று நான் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். அன்று எனக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் ஒன்று வந்து முப்பது பேரை அள்ளிக்கொண்டு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறது. பள்ளி வாசலில் நின்றுதான் அது திரும்ப வேண்டும், ஏனென்றால் சாலையில் வேறு அகலமான இடம் இல்லை. பிள்ளைகள் வேனுக்குள்ளிருந்து ஜெபசுதாவுக்குக் கையசைப்பார்கள். அவளும் அசைப்பாள்.

பத்துக்குக் கீழே போனால் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. எழுத்தில் எங்கும் இல்லை, ஆனால் ஆபீசில் எல்லாரும் சொன்னார்கள். அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர், பாதி வழி கால் புதையும் சிவந்த தேரி மணல். ஒன்பதில் ஐந்து பேர் அங்கே போவார்கள். நாலு பேர் போகமாட்டார்கள். தாய்மார்கள் விடிவதற்கு முன்னால் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மணலில் நடக்க ஆளில்லை. அந்த நாலு பேர் யார் யார் என்று ஜெபசுதா எனக்குப் பெயர் சொன்னாள். கதையில் போடாதீர்கள் என்றும் சொன்னாள். போடவில்லை.

[இங்கே கல்வி முறையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். மிகவும் கோபமான பத்தி. படித்துப் பார்த்தேன், கோபப்பட்டது நான் இல்லை, யாரோ தொலைக்காட்சியில் பேசுகிறவர். நீக்கிவிட்டேன்.]


3

இனி ஷெர்லின். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது வீட்டுப் பெண். ஜெபசுதா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நாவாத்துறையில்தான் போட்டார்கள். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். பிறகு ஜெபசுதா மாற்றலாகி நாலு ஊர் சுற்றித் தலைமையாசிரியையாகத் திரும்பி வந்தாள். ஷெர்லின் நர்சிங் படித்து, நாலு வருடத்துக்கு முன் அயர்லாந்தில் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். ஐந்து வயது மகள் ஜெரிஷாவையும், கணவன் ரெனிஷையும் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

ரெனிஷ் தூத்துக்குடி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவன். அறுநூறு அடிக் கப்பலின் மூக்கைப் பிடித்துத் திருப்பி, தளத்தோடு அணைத்து நிறுத்துகிற வேலை. அங்கே அவனுக்குக் கிடைத்தது காளான் பண்ணை. இருட்டுக் கொட்டகையில் நாளெல்லாம் காளான் பறிக்க வேண்டும். ஆறு மாதத்தில் திரும்பி வந்து மறுபடி படகில் ஏறிவிட்டான். அவள் அங்கே, அவன் இங்கே. சண்டை என்று யாரும் சொல்லவில்லை. 'லீவுக்கு வாரா' என்றே இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரெனிஷைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதையில் பிரிந்திருக்கும் கணவன் என்றால் குடிக்க வேண்டும் என்று ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. இவன் குடிப்பதில்லை. வேறு பெண்ணும் இல்லை. ஓய்வு நாளில் அக்காள் வீட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருப்பான், யார் செருப்பாக இருந்தாலும். இவனை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் என்ன செய்வான்? ஒரு வரைவில் அவனைக் குடிக்க வைத்தேன். இரண்டு பத்தி கழித்து அவனே சலித்துப்போய்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

போன ஜூன் கடைசியில் ஷெர்லினும் ஜெரிஷாவும் வந்தார்கள். ஷெர்லினுக்கு நாலு வாரம் லீவு. பிள்ளைக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் விடுமுறை. ஆகவே ஷெர்லின் முதலில் திரும்பிப் போனாள். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி ரெனிஷ் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு. இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.


4

நாவாத்துறையில் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் ஜெரிஷாவுக்கு மட்டும் விடுமுறை. எட்டு வயதுப் பிள்ளை கடற்கரையில் எத்தனை நேரம் தனியாக நண்டு விரட்டும்? மூன்றாம் நாளே பள்ளிச் சன்னலில் தொங்கிக்கொண்டு நின்றாள்.

சத்துணவு சமைக்கிற இசக்கித்தாய்தான் முதலில் பார்த்தாள். தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. பள்ளி மூடினால் அவளுக்கும் அடுப்பு இல்லை. அவள் ஜெரிஷாவைப் பார்த்துவிட்டு, விரல்விட்டு ஒன்பதை எண்ணினாள். பிறகு சன்னலைக் காட்டிப் பத்து என்றாள்.

"ஏளா, உள்ள வந்து இரி. முட்ட போடுதேன்."

ஜெரிஷா முட்டைக்காக உள்ளே வந்தாள், மூன்றாம் வகுப்பு என்று சாக்கட்டியால் எழுதியிருந்த காலி பெஞ்சில் உட்கார்ந்தாள், அன்றிலிருந்து தினமும் வந்தாள். ஜெபசுதா கணக்கு சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை நன்றாகப் போட்டாள். இது வரை யார் மேலும் தவறில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்க. இளைஞர், நல்ல மனிதர், பைக்கில் மணலில் சறுக்கி விழுந்து முழங்காலெல்லாம் சிவப்பாக வந்து நின்றார். வருகைப்பதிவேட்டை எடுத்து அவரே பெயர் கூப்பிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக 'உள்ளேன் ஐயா' என்றார்கள். பத்தாவதாக ஜெரிஷா பெயர் வந்தது.

"அன்ஷோ" என்றாள் ஜெரிஷா.

அயர்லாந்துப் பள்ளிகளில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் அவர்களுடைய ஐரிஷ் மொழியில் அப்படித்தான் சொல்வார்களாம். 'இங்கே' என்று அர்த்தம். அலுவலருக்கு அது தெரிய வழியில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைக்குச் சளி சார்" என்றாள் வாசலில் நின்ற இசக்கித்தாய். "தும்முச்சு."

ஜெரிஷா மரியாதையான பிள்ளை. கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அலுவலர் 'பத்து' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முழங்காலுக்கு மஞ்சள் வாங்கி வைத்துக்கொண்டு போனார்.


5

கவனித்திருப்பீர்கள். சன்னலில் தொங்கிய பிள்ளையின் பெயர் பதிவேட்டில் எப்படி வந்தது?

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில், இசக்கித்தாய் எழுதிவிட்டாள் என்று. அவளுக்கு எழுதத் தெரியாது, தவிர, இந்தக் கதையில் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அடுத்து, ஜெபசுதா பென்சிலால் எழுதினாள், பிறகு அழிக்கலாம் என்று. பென்சில் என்பது என் கண்டுபிடிப்பு. அவள் மேல் எனக்குள்ள பாசத்தால் வந்தது. பதிவேட்டில் யாரும் பென்சிலால் எழுதுவதில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் வாழும் ஒரு பெண்ணைக் கதாபாத்திரமாக எழுதும்போது, அவள் இப்படிச் செய்வாளா என்று சந்தேகப்படுவது என் தொழில். ஆனால் அவள் செய்திருந்தாள். ஆகவே மூன்றாவது:

ஜூலை முப்பதாம் தேதி ரெனிஷ் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கையில் பிள்ளையின் ஆதார் அட்டை.

"டீச்சர், இவள இங்கனயே சேத்துக்கிடுங்க."

"ஷெர்லின் என்ன சொல்லுதா?"

"அவ சரின்னுதான் சொல்லுவா."

'சொன்னாள்' என்று அவன் சொல்லவில்லை. 'சொல்லுவாள்' என்றான். ஜெபசுதாவுக்கு அந்த வித்தியாசம் காதில் விழுந்தது. பிள்ளைகளுக்குக் காலம் மூன்று என்று கற்றுக்கொடுக்கிறவள் அவள். ஒரு போன் போட்டிருக்கலாம். ஷெர்லின் எண் அவளிடம் இருந்தது. அலுவலர் நாளை மறுநாள் வருகிறார். அடுத்த ஊருக்குப் போகாத அந்த நாலு பேரும் அவள் கண்ணுக்கு முன்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் நீல மைப் பேனாவால் பத்தாவது வரியில் எழுதினாள்.

["இத எழுதத்தான் வேணுமா?" என்று கேட்டேன். ஜெபசுதா, "எழுதுங்க. சோறு ஆறிப்போச்சுங்கது வரைக்கும் எழுதியிருக்கிய, இத விட்டா நல்லா இருக்காது" என்றாள்.]


6

இப்போது அந்த நாலு நிமிடம் பதினோரு விநாடி. ஷெர்லினுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், பிள்ளையே வீடியோ அழைப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டாள்: டீச்சர் நோட்டில் நான் பத்தாம் நம்பர். ரெனிஷைக் கேட்டாள். அவன் சிக்னல் சரியில்லை என்றான்.

குரல்செய்தியில் பாதி, மூச்சு. முழுவதையும் எழுதினால் அவளுக்கு நான் இன்னொரு தவறு செய்வேன். நடுவிலிருந்து கொஞ்சம்:

"டீச்சர், எனக்கு அ எழுதச் சொல்லிக் குடுத்தது நீங்க. ஒங்க கைய என் கை மேல வச்சு எழுத வச்சிய. அதே கையால எம்பிள்ள பேர எங்கிட்டக் கேக்காம எப்படி எழுதினிய? அவரு புருசன், அவரு எழுதச் சொன்னாரு, சரி. நீங்க யாரு பக்கம்? இங்கயும் ஒரு டீச்சரு வாரத்துக்கு ரெண்டு மெசேஜ் போடுதா, பிள்ள எப்ப வாரா, செப்டம்பருக்குள்ள வந்துருவால்லான்னு. அவளுக்கும் கணக்கு. ஆளாளுக்கு எம்பிள்ளய எண்ணுதிய. எனக்கு அவ ஒண்ணு. எனக்கு அந்த ஒண்ணும் இல்லாம நான் இங்க பத்துக் கெழவங்களுக்கு டயபர் மாத்திக்கிட்டு இருக்கேன்."

இங்கேதான் கதையில் அயர்லாந்துப் பள்ளி வருகிறது. ஷெர்லின் வேலை பார்க்கும் கிராமத்தில் இரண்டு அறை, இரண்டு ஆசிரியைகள் கொண்ட பள்ளி. செப்டம்பர் கடைசியில் எண்ணிக்கை எடுப்பார்களாம். இருபது பிள்ளைகள் இருந்தால்தான் அடுத்த வருடமும் இரண்டாவது ஆசிரியை. (இருபது என்பது நான் வைத்த எண். சரியான எண் ஷெர்லினுக்கும் நிச்சயமில்லை. ஐரிஷ் கல்வித் துறையினர் யாராவது இதைப் படித்தால் கடிதம் எழுதவும்.) ஜெரிஷாவோடு சரியாக இருபது.

அதாவது ஒரே பிள்ளை, பத்தாவதாக இங்கேயும் இருபதாவதாக அங்கேயும். ஐயாயிரம் மைல் இடைவெளியில் இரண்டு தலைமையாசிரியைகள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே சட்டையின் இரண்டு கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபசுதா அன்று மாலை ஷெர்லினைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். பெயரை எடுத்துவிடுகிறேன் என்றாள். ஷெர்லின் அதோடு விடவில்லை.

"இங்க உள்ள டீச்சரையும் கூப்பிடுதேன். நீங்க ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துப் பேசுங்க. நான் இருக்கேன். அவரும் இருக்கட்டும்."


7

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி. அங்கே காலை பத்து. நான் அரை நாள் லீவு போட்டு ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுபோயிருந்தேன். எழுத்தாளனாக அல்ல, நெட் இணைப்புக்காக. அன்று பிள்ளைகளுக்குக் கோழிமுட்டை கணக்குப் போக ஒன்று மிஞ்சியதால் எனக்கும் கிடைத்தது.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஷெர்லின், நர்ஸ் உடையில், முதியோர் இல்லத்தின் துணி அறையில். இன்னொன்றில் அந்தத் தலைமையாசிரியை. அறுபது வயது இருக்கும். விடுமுறையில் தன் வகுப்பறைச் சுவருக்குத் தானே வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் மஞ்சள் பெயிண்ட். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் பிரிட், சொல்லும்போது பிரீஜ். ஃபிரிஜ்ஜின் முதல் எழுத்து உதிர்ந்துபோனது போல. இந்தப் பக்கம் பெஞ்சில் ஜெபசுதா, பக்கத்தில் ஜெரிஷா. ரெனிஷ் கதவில் சாய்ந்து நின்றான். இசக்கித்தாய் எல்லாருக்கும் பின்னால் கரண்டியோடு.

பிரீஜ் டீச்சர் பேசத் தொடங்கினார். ஜெபசுதாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்த ஆங்கிலம் கூழாங்கல்லை வாயில் போட்டுக் குலுக்கியது போல வந்தது. 'கிராண்ட்' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ஜெபசுதா மெதுவாகக் குனிந்து ஜெரிஷாவிடம் கேட்டாள்.

"என்ன சொல்லுதாங்க?"

"ஒங்க கூரையும் ஒழுகுதான்னு கேக்காங்க."

இப்படித்தான் ஜெரிஷா துபாஷி ஆனாள். பிரீஜ் டீச்சரை நெல்லைத் தமிழில் பேச வைக்கலாமா என்று நான் ஒருநாள் முழுக்க யோசித்திருக்கிறேன். பிள்ளை அதை ஒரு நொடியில் முடித்துவிட்டாள்.

"மழ பேஞ்சா மேக்கு மூலைல ஒழுகும்னு சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு. பிரீஜ் டீச்சர் லேப்டாப்பைத் தூக்கி ஒரு மூலையில் இருந்த வாளியைக் காட்டினார். ஜெபசுதா எங்கள் லேப்டாப்பைத் திருப்பித் தன் வாளியைக் காட்டினாள். இரண்டு நாட்டு அலுவலர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச்சு. பக்கத்துக் காலி வீட்டை மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு விற்க வைக்க பிரீஜ் டீச்சர் இரண்டு வருடம் பாடுபட்டாராம். கடைசியில் அதை வாங்கியது ஒரு ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவரிடம் ஒரு நாய்தான் இருக்கிறது. ஜெபசுதா சிரித்துவிட்டாள். ஷெர்லின் சிரிக்கவில்லை.

"நல்லா பேசுதிய" என்றாள். "எம்பிள்ளயப் பத்தி எப்பப் பேசப் போறிய?"

அப்போது பிரீஜ் டீச்சர் நேராக உட்கார்ந்து நீளமாக ஏதோ சொன்னார். ஜெரிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மொழிபெயர்த்தாள்.

"அவங்க சொல்லுதாங்க, அவங்களும் என்ன எண்ணிட்டேதான் இருந்தாங்களாம். மம்மிக்கி மெசேஜ் போட்டப்ப எல்லாம் ஜெரிஷா நல்லா இருக்காளான்னு கேட்டாங்களாம், ஆனா அதுக்காகக் கேக்கலியாம். அது தப்பாம். சாரியாம்." பிறகு அதே குரலில், "மூணாம் கிளாஸ்ல இன்னொரு ஆள் வேணுமாம்."

ஜெபசுதாவுக்குப் புரியவில்லை. "யாருக்கு? அவங்களுக்கா?"

"இல்ல. எனக்கு."

"அது பிரீஜ் டீச்சர் சொன்னதா?"

"அது நான் சொன்னது."

ஜெரிஷா தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால், அதை ஆங்கிலத்திலும் அந்தப் பக்கத்துக்குச் சொன்னாள். பிறகு இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றி: அங்கேயும் மூன்றாம் வகுப்பில் நான் மட்டும்தான். இரண்டு வருடமாக வகுப்பில் நான் மட்டும்தான். இங்கேயும் நான் மட்டும்தான். ரன்னிங் ரேஸில் நான்தான் ஃபர்ஸ்ட், நான்தான் லாஸ்ட். பக்கத்தில் இருக்கிறவள் நோட்டைப் பார்த்து எழுத எனக்கும் ஆசை. ரகசியம் இருந்தால் யாரிடம் சொல்வேன்? டீச்சரிடம் சொன்னால் அது ரகசியமா?

[இந்த இடத்தில் சிறிய பள்ளிகளின் மேன்மையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த அரைப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் ஒரு குடும்பம் போல என்று— வேண்டாம்.]

இசக்கித்தாய்தான் கடைசியில் வாய் திறந்தாள். "பிள்ள சொல்லுதது சரிதான டீச்சர். ஒத்தைல எப்படிப் படிக்கும்?"

ரெனிஷ் கதவிலிருந்து நகர்ந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தான். பெஞ்சு சின்னதாக இருந்ததால் முழங்காலிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அப்படி எழுதினால் நாடகமாகிவிடும். குனிந்தான்.

"பிள்ள இங்கன இருந்தா நீ வந்துருவன்னு நெனச்சேன்."

"நெனச்சிய" என்றாள் ஷெர்லின். "கேட்டியளா? ரெண்டு வருசத்துல ஒருநாள், ஏளா வந்துரு, எனக்கு முடியலன்னு ஒரு வார்த்த கேட்டியளா? கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

"நீயும் கேக்கலியே. நீங்க வாங்கன்னு."

ஷெர்லின் பதில் சொல்ல வாயெடுத்தாள். துணி அறையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் என்று கை காட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேக்கல" என்றாள். பிறகு கட்டம் கறுப்பாகிவிட்டது. பிரீஜ் டீச்சர் தன் கட்டத்தில் பெயிண்ட் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.


8

பிறகு நடந்ததை அலங்காரமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் ஜெபசுதா பத்தாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, தேதி போட்டு, அலுவலருக்கு நடந்ததை எழுதினாள். தாயின் சம்மதம் இல்லாமல் சேர்த்தது தன் தவறு, உண்மையான எண்ணிக்கை ஒன்பது என்று. கடிதத்தை நான் திருத்தித் தருகிறேன் என்றேன். "ஒங்க கை பட்டா அதுல ஆடு வந்துரும்" என்றாள். பதிலாக விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அலுவலர் போனில் தனியாக, "ஏன் டீச்சர் எழுதிக் குடுத்தீங்க, நான் கேக்கவே இல்லையே" என்றாராம். அந்த வருடம் நடுவில் மூடவில்லை. அடுத்த ஜூன் வரை பார்க்கலாம் என்றார்கள்.

ஆகஸ்ட் இருபத்தாறில் ரெனிஷ் பிள்ளையோடு விமானம் ஏறினான். விட்டுவிட்டு வருவதாகத்தான் போனான். ஷெர்லின் கிராமத்து வேலையை விட்டு, நாற்பது மைல் தள்ளி ஒரு துறைமுக நகரத்து மருத்துவமனைக்கு மாறினாள். அங்கே தீவுகளுக்குப் போகும் படகுத்துறையில் கயிறு பிடிக்க ஆள் தேவைப்பட்டது. ரெனிஷ் இன்னும் அங்கேதான் இருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்தமுறை கேட்பார்கள் என்று நம்புகிறேன். ஜெரிஷாவின் மூன்றாம் வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் மூன்று பேரோடு முதல் மாதத்திலேயே பேச்சில்லை. மிகவும் சந்தோஷமாக இருக்கிறாளாம்.

கிராமத்துப் பள்ளியில் செப்டம்பர் கடைசியில் பத்தொன்பது. இரண்டாவது ஆசிரியை போகிறார். பிரீஜ் டீச்சர் ஒரு வாரம் ஷெர்லினோடு பேசவில்லை. பிறகு ஒரு கேக் செய்து அனுப்பினார். ஜெபசுதாவுக்குச் சனிக்கிழமைதோறும் குரல்செய்தி அனுப்புகிறார். மீன் ஆயும்போது அது ஸ்பீக்கரில் ஓடும். எனக்கு இன்னும் 'கிராண்ட்' மட்டும்தான் புரிகிறது. ஜெபசுதாவுக்கு எல்லாம் புரிகிறது.

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. இரண்டு பள்ளிகளையும் இணையத்தில் இணைத்து ஒரே பள்ளியாக்கிவிடுகிறார்கள். பத்தொன்பதும் ஒன்பதும் இருபத்தெட்டு. ஜெபசுதா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கணும்?" என்றாள்.

ஆ. மஞ்சள் வேன் ஒருநாள் பள்ளி வாசலில் திரும்பும்போது மணலில் புதைந்து நின்றுவிட, முப்பது பிள்ளைகளும் இறங்கி உள்ளே— இதை எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

இ. நாவாத்துறைக்கு ஒரு புதுக் குடும்பம் குடிவருகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளையோடு. ஒரே வரிதான். பத்து ஆகிவிடும். கதை என்னுடையது, யார் கேட்பது?

ஜெபசுதா கேட்டாள். "வேண்டாம். இல்லாத ஒரு பேர எழுதி நான் பட்டது போதும். நீங்களும் எழுதாதிய."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உண்மையில் என்ன நிலவரம் என்றால், ஐந்தாம் வகுப்பு முடித்த இரண்டு பேர் போய்விட்டார்கள். மீதி ஏழு. மே மாத வெயிலில் ஜெபசுதாவும் இசக்கித்தாயும் ஊரில் எண்பது வீட்டுக் கதவையும் தட்டினார்கள். நாலு வீட்டில் பிள்ளையை அனுப்புவதாக உறுதி சொன்னார்கள். அந்த நாலில் இரண்டு வீட்டுக்காரர்கள் மஞ்சள் வேனுக்கும் உறுதி சொல்லியிருப்பது பிறகு தெரிந்தது. இன்று பள்ளி திறந்த நாள். ஜெபசுதா காலையில் இரண்டு சாக்கட்டிப் பெட்டியும் ஒரு பை மிட்டாயும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மிட்டாயை எண்ணி வாங்கினாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பத்திரிகை ஆசிரியர் ஐந்து மணிக்குள் கதை வேண்டும் என்றிருக்கிறார். நான் ஆபீசில் உட்கார்ந்து இந்தப் பத்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு ஜெபசுதா போன் செய்தாள், பள்ளியிலிருந்துதான்.

"எத்தன பேரு?" என்றேன்.

"என்னது? கேக்கல. இங்க ஒரே சத்தம். ஏட்டி, அத வாயில வைக்காத. பெறவு கூப்புடுதேன், வையுங்க."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்தச் சில விநாடிகளில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்பது பிள்ளைகளும் பதினோரு பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள்.